நாலு கட்டு சேர்த்து அறுப்பேன்

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் உழவர் சந்தைக்குப் போவதாக இருந்தால் ஆறரை மணிக்குள் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் தக்காளியும் கத்தரிக்காயும் கிடைக்கும், ஆனால் கீரை இருக்காது, இருந்தாலும் வெயிலில் தலை தொங்கிப் போயிருக்கும். நான் ஞாயிறும் புதனும் போகிறேன். மூன்று வருடமாக ஒரே கீரைக்கார அக்காவிடம்தான் வாங்குகிறேன். நடுவில் ஒரு மாதம் வேலை நெருக்கடியில் போக முடியவில்லை, அப்போது வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு செயலியில் கீரை வாங்கிக்கொண்டேன். திரும்பப் போன அன்று அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் இதை எழுத வைத்தது.

"நீ வருவேன்னு தெரிஞ்சா நாலு கட்டு சேர்த்து அறுப்பேன் கண்ணு. வராட்டி மாட்டுக்குத்தானே போடோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். அந்தக் கணக்கு எனக்கு அதுவரை தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கீரையை அறுக்க வேண்டும், வாழை நாரில் கட்ட வேண்டும், தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும், விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கட்டு எத்தனை என்று முடிவு செய்வது அந்தச் சாயங்காலம். ஐம்பது கட்டு கொண்டுவந்து பன்னிரண்டு மிஞ்சினால் அடுத்த வாரம் நாற்பதுதான் அறுப்பார். அதுவும் மிஞ்சினால் பாத்தியையே குறைத்துவிடுவார். சிறுகீரை இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும், அதனால் இந்த மாதம் நாம் வாங்காமல் விட்டது அடுத்த மாதமே அவர் தோட்டத்தில் தெரிந்துவிடும். இப்படித்தான் ஒரு ஊரில் ஒரு காய் இல்லாமல் போகிறது. யாரும் அதை ஒழிக்கவில்லை, வாங்க ஆள் வருகிற நிச்சயம் போய்விட்டது, அவ்வளவுதான்.

உள்ளூர்க்காரர்களிடம் வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். பொங்கலுக்கு ஒரு கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வாங்கிப் படம் எடுத்துப் போடுகிறோம். அது நல்லதுதான், ஆனால் விவசாயிக்கு அதைவிடப் பெரிய உதவி வாரா வாரம் அதே ஆளிடம் அதே நாளில் போய் நிற்பது. கொஞ்சமாக வாங்கினாலும் பரவாயில்லை. பரிதாபப்பட்டு ஒருநாள் இருநூறு ரூபாய்க்கு வாங்குவதைவிட ஒவ்வொரு புதன்கிழமையும் முப்பது ரூபாய்க்கு வாங்குவது அவருக்கு உபயோகம், ஏனென்றால் அதை நம்பி அவர் விதை போட முடியும்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. நடுவில் சில வருடம் பல ஊர்களில் சந்தைகள் படுத்தே போய்விட்டன, 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இதில் விலையை விவசாயி இஷ்டத்துக்கு வைப்பதில்லை. மொத்தச் சந்தை விலையைவிட 20 சதவீதம் கூட, வெளியே சில்லறைக் கடையில் விற்பதைவிட 15 சதவீதம் குறைவு, இதுதான் ஆரம்பத்திலிருந்து இருக்கிற கணக்கு. காலையில் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள். யார் என்ன பயிர் எவ்வளவு நிலத்தில் போட்டிருக்கிறார் என்று பார்த்துத்தான் அடையாள அட்டை கொடுப்பார்கள், வியாபாரி உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவு ஏற்பாடு செய்து, ஏற்கெனவே வெளியைவிடக் குறைவான விலைக்கு விற்கிறவரிடம் போய் "அஞ்சு ரூபா குறைச்சுக்கங்க" என்று நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெரிய கடையில் பில் போடும் இடத்தில் நாம் அப்படிக் கேட்பதில்லையே.

சரி, ஒரு வாடிக்கையாளர் நிலையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கோபியிலிருந்து ஈரோடு போகிற வழியில் கவுந்தப்பாடி. அந்த வட்டாரம் முழுக்கக் கரும்பும், சாறு பிழிந்து சர்க்கரை காய்ச்சுகிற ஆலைக்கொட்டகையும்தான். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச்சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வரும், ஒரு மூட்டை 60 கிலோ. அதை வாங்குகிறவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா, பழனி முருகன்தான். பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச்சர்க்கரையைப் பழனி தேவஸ்தானம் கவுந்தப்பாடியில் கொள்முதல் செய்கிறது. கோயில் வாங்கும் என்கிற தைரியம் இருப்பதால்தான் சர்க்கரை ஆலைக்குக் கரும்பை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்துக் கிடக்காமல் தாங்களே காய்ச்சலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்தக் கொட்டகைக்குள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பெரிய இரும்புக் கொப்பரையில் சாறு கொதிக்கும், அடுப்புக்குக் கரும்புச் சக்கையையே தள்ளிக்கொண்டிருப்பார்கள், அழுக்கு நுரை மேலே வர வர ஒருவர் அள்ளி வெளியே விட்டுக்கொண்டே இருப்பார். பதம் வந்ததும் பாகை மரத் தொட்டியில் ஊற்றி, ஆறுவதற்குள் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்குவார்கள். அந்தச் சூட்டில் நாம் அரைமணி நேரம் நிற்க முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நன்றாகக் காய்ச்சிய நாட்டுச்சர்க்கரை பழுப்பாக, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால், நிறத்தை வெளுக்க வைக்கிற ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கொட்டகைக்காரர் ஒருவரிடம் ஏன் இதைப் போடுகிறார்கள் என்று கேட்டேன். கறுப்பாக இருந்தால் கடைக்காரர் வேண்டாம் என்கிறார், கடைக்காரரைக் கேட்டால் ஜனங்கள் எடுப்பதில்லை என்கிறார் என்றார். கடைசியில் அது நம்மிடம்தான் வந்து நிற்கிறது. நாம் கடையில் நின்று "கறுப்புச் சர்க்கரை இருந்தா குடுங்க" என்று நாலு தடவை கேட்டால் அது வர ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் இருக்கிற மளிகைக் கடையில் இப்போது வருகிறது, நாங்கள் ஐந்தாறு வீடு கேட்டதால்.

செக்கு எண்ணெய் விஷயத்திலும் கொஞ்சம் கணக்குத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தாலே முந்நூறு ரூபாய் ஆகிவிட்டது. மிஞ்சுகிற புண்ணாக்கை விற்று வரும் காசு ஆட்டுக்கூலிக்கும் கரண்டுக்கும் சரியாகிவிடும். அப்படியிருக்க லிட்டர் இருநூறுக்குச் செக்கு எண்ணெய் என்று பலகை வைத்திருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும். உள்ளூர்க்காரர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்ல மாட்டேன். நாங்கள் இப்போது பருப்பை நேராக விவசாயியிடம் வாங்கி, இரண்டு நாள் காயவைத்து, செக்கில் கொடுத்து எதிரே உட்கார்ந்து ஆட்டி வாங்கிக்கொள்கிறோம். புண்ணாக்கு பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது, அந்த மாட்டுப் பால்தான் எங்கள் வீட்டுக் காபிக்கு வருகிறது.

உள்ளூர்க் கடையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு கடையில் வண்டு விழுந்த துவரம் பருப்பைக் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன், முகம் சுண்டிப் போய் மாற்றிக் கொடுத்தார், அதற்கப்புறம் பருப்பை என் எதிரே தட்டில் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் பொட்டலம் கட்டுகிறார். செயலியில் வந்த கீரை வாடியிருந்தபோது நான் யாரிடம் போய்க் காட்டுவது? புகார் எழுதினேன், பணம் திரும்ப வந்தது, அடுத்த வாரமும் வாடித்தான் வந்தது.

2020ல் ஊரடங்கு போட்டபோது எங்கள் தெருவில் கையில் காசில்லாத வீடுகளுக்கெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தது இந்த மளிகைக் கடைதான். அந்த நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கமும் இருந்தது. அதை நான் மறக்க முடியாது.

கீரை அக்காவிடம் திரும்ப வருகிறேன். எனக்குப் புளிச்சக்கீரை என்றால் உயிர், அம்மா வைக்கிற கடைசலுக்காக. சந்தையில் அது எப்போதாவதுதான் வரும். ஏங்க்கா போடறதில்லையா என்று கேட்டதற்கு, "போட்டா நீ ஒருத்தன் வாங்குவே, மிச்சத்தை நான் என்ன பண்றது" என்றார். அதனால் தெருவில் பேசினேன். ஒன்பது வீட்டில் வாரம் ஒரு கட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள், நானே எடுத்துவந்து கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அக்காவிடம் சொன்னபோது நம்பவில்லை. "ஒம்பது கட்டு, வாரம் தப்பாம?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிணற்றோரம் ஒரு பாத்தி விதைத்திருக்கிறார். போன புதன்கிழமை கையை முழங்கைவரை காட்டி இவ்வளவு உயரம் வந்துவிட்டது என்றார். அடுத்த வாரம் அறுக்கிறாராம். பத்தாவது வீடு ஒன்று நேற்றுத்தான் கேட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.