நேத்தும் ஆரஞ்சு தானே தம்பி

நேத்தும் ஆரஞ்சு தானே தம்பி, நேத்து விடலையே, இன்னைக்கு வெயிலடிக்கையில எதுக்கு கிளம்பச் சொல்றீங்கன்னு அந்த அக்கா கேட்டாங்க. கோவமாக்கூட கேக்கல. இடுப்புல கட்டுன காய்ப்பையை அவுக்காமயே நின்னாங்க. இடுக்கி ஏலக்காட்டுல அவங்களை வேலை வாங்குறவன் நான், மழைக்கு ஆரஞ்சு அலர்ட்னு பாதி நாள்லயே எல்லாரையும் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லிருந்தேன். நான் சொன்னேன், மூணு நாளா பேஞ்சு மண்ணு ஊறிக் கெடக்குக்கா, இனி சின்ன மழைக்கே சரியும்னு. அதுக்கு அவங்க, "அப்ப ரோட்டோரத்து மண்ணு மட்டும் காஞ்சா கெடக்கு?"

அதோட சரி, எல்லாரும் ஜீப்ல ஏறிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு விழல. பக்கத்து ஏலக்காட்டுல முழு நாளும் காய் எடுத்துருக்காங்க. எங்காளுங்களுக்கு அரை நாள் கூலி போச்சு, அதுவும் தீபாவளிக்கு முந்தின வாரம்.

நான் செஞ்சது சரின்னு தான் இப்பவும் நினைக்கேன். ஆரஞ்சுன்னா 24 மணி நேரத்துல 115.6ல இருந்து 204.4 மில்லிமீட்டர் வரைக்கும் பெய்யலாம்னு அர்த்தம், ஆனா அது மாவட்டத்துக்குச் சொல்றது. இடுக்கியில பீருமேடு பக்கம் கொட்டும்போது மறையூர்ல வெயிலடிக்கும், எந்த மலைச்சரிவுல விழும்னு கலர் சொல்லாது. மண்ணுக்குள்ள ஏற்கனவே எவ்வளவு தண்ணி நிக்குதுன்னும் சொல்லாது. துலாவர்ஷம்னு இங்க சொல்ற வடகிழக்குப் பருவமழை, காலவர்ஷம்ங்கிற தென்மேற்கு மழை மாதிரி நாள் பூரா பெய்யுறதும் இல்ல. காலையில வெயிலைக் காட்டிட்டு மத்தியானத்துக்கு மேல இடியோட வரும், ரெண்டு மணியில இருந்து ராத்திரி பத்து வரைக்கும் மின்னலுக்கு ஜாக்கிரதையா இருங்கன்னு வருஷா வருஷம் சொல்றாங்க. ஏலக்காய் காய்க்கிற சரம் தரையோட கெடக்கும், செடிக்கு அடியில குனிஞ்சு உக்காந்து தான் காய் எடுக்கணும், தலைக்கு மேல நிழல்மரக் கொப்பு என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும். முந்தின நாள் ஆளில்லாத வரிசையில ஒரு பெரிய கொப்பு முறிஞ்சு விழுந்துச்சு. நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்னா எனக்கு அது தான், கலர் இல்ல. ஆனா அக்கா கேட்டப்ப கொப்பைச் சொல்லாம மண்ணைச் சொன்னேன், ஏன்னு தெரியல.

சரி, மண்ணையே எடுத்துக்குவோம். மூணாறு பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண்ணு சரிஞ்சு 70 பேர் போனாங்களே, அவங்க யாரும் வேலையில இல்ல, லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீட்டுல, தூங்கிட்டு இருந்தாங்க. அப்ப வேலை ஆபத்து, வீடு பத்திரம்னு நான் போட்ட கணக்கு எங்க நிக்கும்? எங்காளுங்க வீடு கீழ போடியில இருக்குங்கிறதால வீடு பத்திரம் தான், ஆனா நடுவுல போடிமெட்டு ரோடு இருக்கே, கொண்டை ஊசி வளைவா இறங்கணும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஜீப்ல எத்தனை பேர் உக்காருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். அதே ரோட்ல சாயங்காலம் மழையும் மூடுபனியுமா இறங்குறதுக்கு மத்தியானம் இறங்குறது மேல். இதை அன்னைக்கே சொல்லிருந்தா அக்கா ஒத்துக்கிட்டிருப்பாங்களா? ஒத்துக்கிட்டாலும் கூலி வராது, அவங்க கேட்டது ரோட்டைப் பத்தியே இல்லையோன்னும் தோணுது.

அலர்ட் பாத்து நாமளா அனுப்புற நாளுக்கு முழுக் கூலி போடலாமான்னு மேனேஜர் சார்கிட்ட கேட்டேன். அப்படின்னா துலாவர்ஷம் முடியுற வரைக்கும் எல்லாரும் வானத்தைத் தான் பாத்துட்டு இருப்பாங்கன்னு சிரிச்சாரு. அவர் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல, காய் அழுக ஆரம்பிச்சிருச்சு, எடுக்க வேண்டிய காய் பழுத்து வெடிக்குது. ஆனா முடிவெடுக்குறது நானு, காசு போறது அவங்களுக்கு.

அடுத்த ஆரஞ்சுக்கு நான் யாரையும் வீட்டுக்கு விடல. நல்லா பேஞ்சுச்சு, எல்லாரும் ஸ்டோர்ல ஒண்டி நின்னோம், ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலங்கிறதால அது சரியான முடிவாயிருமான்னா, அதுவும் தெரியல.

காலையில சீக்கிரமா தொடங்கி ஒரு மணிக்கே முடிச்சிரலாமான்னு அந்த அக்காகிட்டயே கேட்டுப் பாத்தேன். இப்பவே நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வச்சிட்டு வாறோம் தம்பி, இன்னும் எத்தனை மணிக்கு எந்திரிக்கச் சொல்றீங்கன்னாங்க.