அமேசான் படகில் தூளி கட்டித் தூங்குவது எப்படி?

கேபின் எடுக்காதீர்கள். பிரேசிலின் மனாவுஸிலிருந்து சாந்தரேமுக்கு அமேசான் நீரோட்டத்தோடு ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். அதற்குப் போய் ஒரு தகரப் பெட்டிக்குள் அடைந்து கிடக்க அவ்வளவு பணம் கொடுப்பானேன்? ஹாமக், அதாவது தூளி, கட்டும் தளத்துக்கு டிக்கெட் எடுங்கள். மிச்சப்படும் காசு நல்ல மீனுக்கு ஆகும்.

துறைமுகத்துக்கு அழைத்துப்போன டாக்ஸிக்காரர் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஏறும்போது சொன்ன கட்டணம் ஒன்று, இறங்கும்போது கேட்டது வேறு. கேட்டால், பைக்குத் தனிக் கட்டணமாம்! பை வழி நெடுக என் மடியில்தான் இருந்தது. வாய்ச்சண்டை போட்டும் பாதிதான் குறைந்தது.

ஹாமக்கைத் துறைமுகம் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கலாம், பேரம் படியும். நைலான் வேண்டாம்; அகலமான பருத்தித் துணிதான் உடம்பை உறுத்தாது. கயிறும் மறக்காமல் வாங்குங்கள். படகில் இட எண் எதுவும் கிடையாது, முந்தியவருக்கே இடம். எஞ்சின், கழிப்பறை, விளக்கு மூன்றுக்கும் தள்ளிக் கட்டுங்கள். மாலைக்குள் பக்கத்துத் தூளிக்காரரின் முழங்கை உங்கள் விலாவில் இருக்கும். அதற்கு மருந்து இல்லை.

கயிற்றை இழுத்துக் கட்டாமல் நன்றாகத் தொய்ய விடுங்கள். நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளையும். தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம் என்று குறுக்காகப் படுத்தால் துணி விரிந்து உடம்பு தட்டையாகிவிடும். எனக்கு அடுத்திருந்த அம்மா கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அப்படித்தான் குறட்டை விட்டார். நள்ளிரவில் ஆற்றுக்காற்று அடியிலிருந்து ஏறும். போர்வையை மேலே போர்த்தினால் போதாது, முதுகுக்குக் கீழேயும் ஒன்று வேண்டும்.

கட்டணம், நேரம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தம்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளக்காடுகளில் மரத்திலிருந்து உதிரும் பழங்களைத் தின்று கொழுக்கும் மீன் அது. அதன் விலாப் பகுதியைக் கரியில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, வறுத்த மரவள்ளி மாவோடு தருகிறார்கள். விரல்களில் வழிந்த கொழுப்பைக்கூட விடவில்லை. படகில் ஏறுமுன் மனாவுஸிலேயே சாப்பிட்டுவிடுங்கள். படகுச் சாப்பாடு சோறு, பீன்ஸ், கோழி, மறுபடியும் சோறு, பீன்ஸ், கோழி.

மனாவுஸைத் தாண்டியதும் ரியோ நெக்ரோ ஆற்றின் கறுப்பு நீரும் சோலிமோயிஸின் (அமேசானின் மேற்பகுதிக்கு அங்கே அந்தப் பெயர்) பழுப்பு நீரும் கலக்காமலே கிலோமீட்டர் கணக்கில் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. வெப்பமும் வேகமும் அடர்த்தியும் வேறு வேறு என்பதுதான் காரணம். தனிச் சுற்றுலாப் படகுக்குக் காசு கொடுக்க வேண்டாம், தளத்தின் ஓரத்தில் நின்றாலே தெரியும்.

சாந்தரேமிலிருந்து ஆற்றங்கரைக் கிராமமான ஆல்டெர் டோ ஷாவுக்கு மலிவான பஸ் இருக்கிறது. அங்கே சில விடுதிகளில் ஹாமக் கட்ட மட்டும் இடம் தருகிறார்கள்; கட்டில் வாடகையைவிடக் குறைவு.