நம் குழந்தைகளுக்குத் தனி அளவுகோல் வேண்டாம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். பேரக் குழந்தையைப் பார்க்க வரும் அமுச்சிகள் முதலில் கேட்பது எடையைத்தான். இரண்டேகால் கிலோ என்றால், "எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான் பிறக்கும், அம்மிணி" என்று சமாதானமும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

இயல்பான அளவு எது என்பது, யாரை அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1963-இல் லுப்சென்கோ என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட, பிறக்கும் குழந்தைகளுக்கான வளர்ச்சி வரைபடம் அமெரிக்காவின் டென்வர் நகரக் குழந்தைகளை அளந்து உருவானது. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. அவ்வளவு உயரத்தில் பிறப்பு எடையே குறையும். பின்னாளில் இன்டர்குரோத்-21 என்ற பன்னாட்டு ஆய்வு வேறு வழியில் போனது. நாக்பூர், நைரோபி, மஸ்கட் உட்பட எட்டு இடங்களில், நல்ல உணவும் உடல்நலமும் வாய்த்த தாய்மார்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2014-இல் முடிவுகள் வந்தபோது, குழந்தைகளின் நீளத்தில் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு மிகச் சிறியது. ஆகவே, குழந்தை சிறியதாக இருந்தால் வம்சத்தைக் காரணம் காட்டுவதற்கு முன் தாயின் இரத்தசோகையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். நெல்லும் மஞ்சளும் விளையும் இந்த மண்ணில் வெளுத்த முகத்தோடு பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

அளக்கும் கையும் சரியாக இருக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு தையல் டேப் உண்டு. துணி டேப் பழகப் பழக நீண்டுவிடும். குழந்தையின் தலைக்கு அது ஆகாது. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 சென்டிமீட்டர். அங்கே ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் முடிவே மாறிவிடும். புருவத்துக்கு மேலே தொடங்கி, பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி மூன்று முறை அளந்து, பெரிய அளவை எழுத வேண்டும். பிரசவத்தில் நெருக்குண்ட தலை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். நீளம் பார்க்க இருவர் தேவை: ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்ட. மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங்குழந்தை சில விநாடி நிறுத்தி, பிறகு வேகமாக மூச்சுவிடும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் தவறான எண்தான் கிடைக்கும். அமைதியாக இருக்கும்போது 30 முதல் 60 வரை இயல்பு.

இத்தனையும் செய்தாலும் கர்ப்ப வாரம் தெரியாவிட்டால் பயனில்லை. அதே இரண்டேகால் கிலோ, 35 வாரத்தில் இயல்பு. 39 வாரத்தில் வளர்ச்சிக் குறைவு. அதனால் கர்ப்பிணிகளிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது, முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையைப் பிரசவத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள் என்பதுதான். அது இல்லையென்றால், உள்ளங்கால் கோடுகளையும் காதுமடலின் விறைப்பையும் பார்த்துத்தான் வாரத்தை மதிப்பிடுகிறோம். அதில் இரண்டு வாரம் முன்பின்னாக வந்துவிடும்.