பன்னிரண்டு வோல்ட்

2 ஜூன் 2025, திங்கள்

கம்ப்யூட்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி, செகண்ட் ஹேண்ட். கூடவே 8 ஜிபி ரேம் ஒன்று. மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன, மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருக்கிறது.

கல்யாணப் பெண் 22ஆம் தேதி மஸ்கட் கிளம்புகிறாள். அதற்குள் வீடியோ கைக்குப் போயாக வேண்டும்.

போன் வரவில்லை.

3 ஜூன், செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ் மெஷின். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றினேன். ரேமின் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். போர்டில் இருக்கும் 2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டேன். பழைய ரேம் மட்டும் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. புதுசு மட்டும், வரவில்லை. கார்டை எடுத்துவிட்டு மானிட்டர் ஒயரை போர்டிலேயே சொருகினேன். படம் வந்தது.

அப்படியென்றால் கார்டு. பதினோராயிரம் ரூபாய். அம்மாவிடம் சொல்லவில்லை.

4 ஜூன், புதன்

கார்டு உயிரோடு இருக்கிறது! ஸ்லாட்டின் கோடியில் ஒரு சின்னக் கொக்கி உண்டு, அது ‘டிக்’ என்று விழவேயில்லை. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அழுத்தாமல் விட்டது. கேபினட்டைப் படுக்க வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். விழுந்தது. படம் வந்தது.

எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வில் மாலை மாற்றும் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். முன்பு நாலு அடி நடந்து நின்றுவிடும் காட்சி, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அரக்குப் பட்டில் ஜரிகை தனியாகத் தெரிகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு செலவும் தகும்.

ராத்திரி ரெண்டர் போட்டேன், முழு வீடியோவையும் ஒரே ஃபைலாக எழுதும் வேலை. பன்னிரண்டாவது நிமிஷம் பட்டென்று அணைந்து தானாகவே மறுபடி எழுந்தது.

5 ஜூன், வியாழன்

மூன்று முறை அணைந்தது.

6 ஜூன், வெள்ளி

மெஷின். இரண்டு கிலோ நீர் இறக்கினார்கள். வரும் வழியில் அப்பா இளநீர்க் கடையையே பார்த்துக்கொண்டு வந்தார். குடிக்கக் கூடாது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அணைந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரே வரி: கெர்னல்-பவர் 41. ஒழுங்காக மூடாமல் நின்றுவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. அது எனக்குத் தெரியாதா?

8 ஜூன், ஞாயிறு

ரேம் மேல் சந்தேகம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடியது. நாலு சுற்று, பிழை பூஜ்யம். பழையதும் புதியதும் சண்டை போடவில்லை. ஒரு பிழையாவது காட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன் இரண்டு முறை அடித்தது, இரண்டும் ஆஸ்பத்திரி இல்லை. ஒன்று கல்யாண வீடு. இன்னொன்று ராங் நம்பர்.

9 ஜூன், திங்கள்

பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் போட்டேன். அணையும் நேரத்தில் கார்டின் சூடு 68 டிகிரி, பிராசஸர் 61. சூடு காரணமில்லை.

அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். “பாப்பா, எப்ப அணையுது?”

“ரெண்டர் போடும்போதுப்பா.”

“சும்மா இருக்கறப்ப?”

“நாள் பூரா நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப லோடு ஏறினா விழுது. லைனைப் பாத்தியா?”

“இது போஸ்ட்டு மரம் இல்லப்பா, இது வேற” என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் கம்பத்தில் ஏறியவரிடம். அவர் ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

10 ஜூன், செவ்வாய்

மெஷின். ஊசி இரண்டாவது தடவைதான் ஏறியது.

11 ஜூன், புதன்

தூக்கம் வரவில்லை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸ்டிக்கரை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில்: 12 வோல்ட், 18 ஆம்பியர்.

பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது இந்தப் பன்னிரண்டு வோல்ட்டைத்தான். கார்டு 125, பிராசஸர் ஐ5-7400க்கு 65. அங்கேயே 190. போர்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஃபேன்கள் இன்னும் பாக்கி. 216 என்பதே ஸ்டிக்கர் சொல்லும் கணக்கு, எட்டு வருஷம் ஓடிய பெட்டி அதையும் கொடுக்குமா? கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். “450 இருக்கா? தாராளம்மா” என்று சொல்லி ஒரு கன்வெர்ட்டர் ஒயரையும் கையில் கொடுத்து அனுப்பினார். அதைத் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது. என் வீட்டில், அப்பா தூங்கும் அறைக்கு அடுத்த அறையில்.

ஒரு வாரமாகப் புதிதாக வந்த ஒவ்வொன்றையும் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

12 ஜூன், வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். “மீட்டரை எடு” என்றார், அவ்வளவுதான். பரணில் காக்கிப் பை அப்படியே இருக்கிறது. டங் டெஸ்டரை நீட்டினேன். “அது ஏசிக்கு. இது டிசி. மல்டிமீட்டர் கொடு.”

கேபினட்டை அவர் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தினேன். அம்மா திட்டினாள். உபரியாகத் தொங்கிய கனெக்டரில் மஞ்சளுக்குச் சிவப்பு முனை, கறுப்புக்குக் கறுப்பு முனை. இடது கையை அசைக்காமல் வலது கையாலேயே பிடித்துக்கொண்டார். கை நடுங்கவில்லை.

சும்மா இருக்கும்போது 11.9. ரெண்டர் போட்டேன். 11.6. 11.5. 11.3. அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னார். ஐந்து சதவீதம் வரை இறங்கலாம், 11.4 எல்லை. 11.1 என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அணைந்தது.

“பாத்தியா” என்றார். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

13 ஜூன், வெள்ளி

மெஷின். நர்ஸிடம் பூராக் கதையும் சொன்னாராம்.

14 ஜூன், சனி

ரிச்சி தெரு. 550 வாட், 80 பிளஸ் ப்ரோன்ஸ் தரம், பன்னிரண்டு வோல்ட்டில் 45 ஆம்பியர். கார்டுக்கென்றே எட்டு பின் ஒயர் தனியாக வருகிறது, கன்வெர்ட்டர் வேண்டாம். நாலாயிரத்து இருநூறு. தள்ளிப்போட வழியில்லை என்று அம்மா சொன்ன மாத்திரைப் பணத்தைத் தொடவில்லை, என் வண்டி சர்வீஸ் பணம்.

15 ஜூன், ஞாயிறு

12.1. ரெண்டர் ஓட ஓட 12.0. அதற்குக் கீழே இறங்கவேயில்லை. இரண்டு மணி நாற்பது நிமிஷம், ஒரு தடவைகூட நிற்காமல் முடிந்தது. அப்பா தாலி கட்டுவது வரை பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

17 ஜூன், செவ்வாய்

மெஷின். பென் டிரைவைக் கல்யாண வீட்டில் கொடுத்தேன். பெண் அழுதுவிட்டாள்.

போன் வரவில்லை.

19 ஜூன், வியாழன்

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பேப்பர் கடைக்குப் போட எடுத்தேன். “அதை இங்க வை.” உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும், திறக்கக் கூடாது என்றேன். “எனக்கே சொல்றியா? நாலு நாளா பிளக்ல இல்ல. வெறுமையாக்கிட்டுத்தான் தொடுவேன்.”

அவரே திறந்தார். இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. 16 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட். மாத்திரை அட்டையைக் கிழித்து அதன் பின்புறம் எழுதிக் கொடுத்தார். “இதை கார்டுக்குப் போடாத. சும்மா சரி பண்ணி வெப்போம்.”

20 ஜூன், வெள்ளி

மெஷின். பெஞ்சில் இருந்தபோது போன் அடித்தது. சிம் கம்பெனி.

21 ஜூன், சனி

இரண்டு கேட்டார். நாலு வாங்கிவந்தேன்.