அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்த ஒன்றேகால் விநாடி

17 வருஷமாகப் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஆவணி, தை வந்துவிட்டால் ராத்தூக்கம் கிடையாது. 2023 ஆவணியில் அப்படி ஒரு கல்யாண வீடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தம்பி மாடிப்படி ஏறி வந்தான். கையில் ஸ்பைரல் போட்ட ஒரு கதை. "அண்ணே, படம் பண்ணப் போறேன். காதல் கதைதான், சிரிச்சிக்கிட்டே பாக்கலாம். நீங்கதான் எடிட் பண்ணித் தரணும்" என்றான். மொத்தச் செலவு 40 லட்சம். 22 நாள் ஷூட்டிங். ஒரே கேமரா. முதல் பத்துப் பக்கத்தை நின்றபடியே வாசித்தேன். எங்கள் தெருவில் பேசுகிற பேச்சு அப்படியே எழுத்தில் இருந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

கதை சின்னதுதான். பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மகள் மீது ஒரு பையனுக்கு ஆசை. அவள் பத்திர எழுத்தர் ஆபீசில் டைப் அடிக்கிறாள். நாள் முழுக்க ஊரார் நிலத்துக்கு நான்கெல்லை அடித்து அடித்து அவளுக்கு அதுவே பேச்சாகிவிட்டது. தோழி, "பையன் எப்படிளா?" என்று கேட்கும்போது, "கெழக்க அவன் அம்மை, மேக்க அவன் அக்கா, வடக்க கடன். தெக்க மட்டுந்தான் காலியா கெடக்கு" என்கிறாள். இந்த வரியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் எனக்கு முகம் மலர்ந்துவிடும். பெரிய படமாக இருந்தால் அவளை ஐ.டி. கம்பெனிக்கு அனுப்பியிருப்பார்கள்.

நடிகர்கள் இந்த மாதிரி வரிகளைத் தடுமாறாமல் சொன்னதற்குக் காரணம் ஒத்திகை. கேமரா வாடகைக்கு ஒரு நாளைக்கு ஆகும் பணத்தில், மொட்டைமாடித் தட்டட்டியில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஒத்திகை பார்க்கலாம். டீயும் வடையும்தான் செலவு. தம்பி அதைச் செய்திருந்தான். ஷூட்டிங் தொடங்குவதற்குள் அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவர் பேச்சை ஒருவர் மறிக்கிற பழக்கமே வந்துவிட்டது. காசில்லாத படத்துக்கு இதைவிடப் பெரிய மூலதனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆச்சியையும் சொல்ல வேண்டும். பையனின் ஆச்சியாக நடித்தவர் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர். கேமராவுக்கு முன்னால் அதுதான் முதல் தடவை. பாய் முடைந்துகொண்டே, நிமிராமல், "ஏல, அவ ஒன்னயப் பாக்காட்டி என்ன, நீ பாக்கேல்லா?" என்பார். அந்த நேரம் பார்த்துப் பாபநாசம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறது. டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். டப்பிங் அறையில் ஆச்சிக்கு ஹெட்போன் மாட்டியதும் குரல் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல். ஆறேழு டேக் போனது. கடைசியில் ஹார்னோடு சேர்த்து ஸ்பாட்டில் பதிவான ஒலியையே வைத்துவிட்டோம். எனக்கு அதில் முழுத் திருப்தி. அந்த பஸ் போகாவிட்டால் அது பத்தமடையே இல்லை.

இவ்வளவு நல்லது இருந்தும் எடிட் செய்த முதல் வடிவத்தை ஓட்டிப் பார்த்த அன்று அறையில் யாரும் சிரிக்கவில்லை. காதல் வந்த இடமெல்லாம் சரியாக நின்றது. சிரிப்பு மட்டும் வரவில்லை. ஏன் என்று பிடிபட எனக்கு நாலு ராத்திரி ஆனது.

கல்யாண வீட்டில் எங்களுக்கு எப்போதும் இரண்டு கேமரா. ஒன்று தாலி கட்டுகிற கையைப் பார்க்கும். மற்றது பெண்ணின் அம்மா முகத்தைப் பார்க்கும். பிறகு ஆல்பம் பார்க்கிறவர்கள் கலங்குவது அந்த இரண்டாவது கேமராவால்தான். சிரிப்புக்கும் அதே கணக்குதான். வேடிக்கையான பேச்சைச் சொன்னவன் வாயில் சிரிப்பு பிறப்பதில்லை, கேட்டவன் முகத்தில்தான் பிறக்கிறது. ஒரே கேமரா இருக்கும் இடத்தில், நேரம் போகிறது என்றதும் முதலில் விட்டுப்போவது கேட்பவன் முகம். பேசுகிறவனை எடுத்தாகிவிட்டது, காட்சி முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

படத்தின் முக்கியமான காட்சி பலசரக்குக் கடையில். ஊரே அந்த மனிதரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடும்போது, பையன் பதற்றத்தில் வாய் தவறி, "மாமா, ஒரு கிலோ சீனி" என்று கேட்டுவிடுகிறான். அண்ணாச்சி கை தராசில் அப்படியே நிற்க வேண்டும். தட்டில் சீனி இன்னும் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவர் மெல்ல நிமிர்ந்து இவனைப் பார்க்க வேண்டும். எழுத்தில் படித்தபோதே நான் சிரித்த இடம் அது.

கடை நிஜமான கடை. அண்ணாச்சியும் நிஜமாகவே அந்தக் கடைக்காரர். மதியம் ஒன்றிலிருந்து நாலு மணி வரை, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். அதில் முதல் ஒரு மணி நேரம் பல்பு மாற்றுவதிலேயே போய்விட்டது. கடையில் இருந்த மலிவான எல்.இ.டி. பல்பு கேமராவில் வரி வரியாக ஓடியது. மீதி நேரத்தில் பக்கவாட்டில் ஒரு முழுக் காட்சி, பையன் முகத்தில் ஒரு குளோசப். நாலு மணிக்கு பால் பாக்கெட் வாங்க ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி முகம் எனக்குக் கிடைத்தது பக்கவாட்டுக் காட்சியில் மட்டுந்தான். அதிலும் பாதி, தொங்குகிற ஷாம்பூ சரத்துக்குப் பின்னால்.

இதேபோல இன்னொரு இழப்பு குறுக்குத்துறையில். தாமிரபரணிப் படித்துறையில் அவன் தன் மனதைச் சொல்கிறான். அவள் முகம் இல்லை. டிசம்பர் கடைசியில் போய் அதை மட்டும் எடுத்து வரலாம் என்று தேதி குறித்திருந்தோம். டிசம்பர் 17, 18-இல் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் இருக்கிற கோயில். தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவது அங்கே வழக்கம். அந்த முறை வந்த வெள்ளம் கோயிலையே மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தால் அக்டோபரில் நாங்கள் எடுத்த கரையாகவே அது இல்லை. வீடு இழந்தவர்கள் ஊரில் இருக்கும்போது ஒரு ஷாட்டுக்காக அழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தக் காட்சியில் அவள் முதுகை மட்டும் வைத்து, ஆற்றுச் சத்தத்தைக் கூட்டினேன். ஒரு வகையில் நன்றாகவே வந்தது.

இரண்டாம் பாதியைப் பற்றி நான் தம்பியிடமே மனம்விட்டுச் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் ஒரு தடவைகூட டைப் அடிக்கவில்லை. அவள் ஆபீஸ் இல்லை, நான்கெல்லைப் பேச்சு இல்லை. போனை யாரோ எடுத்துப் பேசிவிட்டதால் ஒரு சந்தேகம், அதனால் பிரிவு, பிரிவுக்கு ஒரு பாட்டு. "தம்பி, முதல் பாதியை நீ கண்ணால் பார்த்து எழுதியிருக்க. இதைத் தியேட்டர்ல பார்த்து எழுதியிருக்க" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாண்ணே. பிரிவு இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றான். 11 நிமிஷம் வெட்டினோம். பாட்டு போய்விட்டது; சந்தேகத்தை எடுத்தால் கதையே நிற்காது என்பதால் அது அப்படியே இருக்கிறது. இந்தக் குறையைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. 40 கோடி இருந்தாலும் அவள் வேலையை மறந்திருந்தால் இதே குறைதான்.

கடைக் காட்சிக்கு மட்டும் வழி கிடைத்தது. கல்யாண வேலையில் பழகிய பழக்கம்: கேமரா ஓட ஆரம்பித்த நொடியிலிருந்து அணைகிற நொடி வரை எல்லாவற்றையும் பார்ப்பேன். 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால், குளோசப்புக்கு போகஸ் சரிபார்க்கும் ஒரு துண்டு இருந்தது. லைட்காரத் தம்பி ஸ்டூலில் நின்று பல்பைத் திருகிக்கொண்டிருக்கிறான். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, சீனி மூட்டையில் கை வைத்தபடியே தலையை நிமிர்த்தி அவனைப் பார்க்கிறார். விழுந்துவிடுவானோ, பல்பை உடைத்துவிடுவானோ என்ற கவலை. இமை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. ஒன்றேகால் விநாடி, 30 பிரேம். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பார்வையின் உயரம் சரியாக இருந்தது. "மாமா" என்ற சொல்லுக்குப் பின் அதைப் பொருத்தி, கடைச் சத்தத்தை நிறுத்தி, சீனி விழும் சத்தத்தை மட்டும் விட்டேன். டைரக்டர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ரிலீசான வெள்ளிக்கிழமை ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளை வேட்டியில், வீட்டம்மாவோடு வந்து எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்ததும் தியேட்டர் மொத்தமும் சிரித்தது. அவர் மட்டும் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இது அந்தப் பல்பு மாட்டுன பயலப் பாத்ததுல்லா?" என்றார். ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

"நான் நடிக்கவே இல்லியே" என்றார். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.