அப்பாவின் ஆறு மாத மாத்திரை

அப்பாவுக்கு இருமல் தொடங்கி ஒரு மாதம் கழித்துத்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அக்கறை இல்லாமல் இல்லை. எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். போனால் அவர் கூலியும் போகும், என் கூலியும் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே காசநோயா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் ஒரு டப்பாவைக் கொடுத்து, "நாளைக்குக் காலையில சளி எடுத்துட்டு வாங்க" என்றார்கள். கொண்டுபோனோம். இது வெறும் எச்சில், செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் ஊர் சுகாதாரப் பணியாளர் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் வந்து, அப்பாவைத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வைத்தார். வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமாக வெளியே நில்லுங்கள் என்றார். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமச் சொன்னார். கெட்டியாக, மஞ்சளாக வந்தது. "இதுதான்ப்பா வேணும்" என்று மூடியை இறுக்கிக் கொடுத்தார். காசநோய் என்று உறுதியானது.

மருந்து இலவசம். ஆனால் தினமும் வந்து அவர்கள் கண் முன்னால் விழுங்க வேண்டுமாம். ஆறு மாதம் இப்படி அலைந்தால் நாங்கள் எதைச் சாப்பிடுவது? அப்பா அங்கேயே, "வேண்டாம்மா, போகலாம்" என்று எழுந்துவிட்டார். எனக்கு அக்காவின் நினைவு வந்தது. "மாத்திரையை அவங்ககிட்ட கொடுத்துவைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். பயிற்சி பெற்றவர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். நான் கேட்டிருக்காவிட்டால் இந்த வழி எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊரில் சிலர் அப்பாவைத் தூரத்தில் எங்காவது சேர்த்துவிடச் சொன்னார்கள். டாக்டர் ஒரு பழைய ஆய்வைச் சொல்லித்தான் என் பயத்தைப் போக்கினார். 1956-இல் சென்னையில் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் அந்த முடிவு வெளியானது. அப்புறம் வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதித்தார்கள். என் மூன்று வயதுப் பையனுக்கு மட்டும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். மூன்றாம் நாளே அப்பா பயந்துபோய்க் கூப்பிட்டார். சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போனதாம். ரத்தம் என்றே நினைத்துவிட்டார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று அக்கா சொன்னார். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோதான் உடனே ஓடிவர வேண்டும் என்றார்.

பெரிய சோதனை நாற்பதாவது நாள் வாக்கில் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, பசி எடுத்தது, சட்டை கொஞ்சம் இறுகியது. "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று அப்பா வெளியூர் வேலைக்குக் கிளம்பத் தயாரானார். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமிகள் மருந்துக்கே அடங்காமல் போகலாம் என்று அக்கா விளக்கினார். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் அக்கா வழக்கம்போல மாத்திரை அட்டையோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. அடுத்த நான்கு மாதம் மருந்து குறைந்தது. மாதம் ஒரு முறைதான் பஸ் ஏறினோம். கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்த அன்று, அக்கா வீட்டில் அப்பாவின் மருந்துப் பெட்டி காலியாக இருந்தது. போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இருமிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாய் கொப்பளித்துவிட்டு எப்படி இரும வேண்டும் என்று அப்பாதான் அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.