கெடு முடிந்து பதின்மூன்றாம் நாள்

ஒப்பந்தப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் முதலில் நான் தேடுவது, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்கிற வரியைத்தான். பழக்கதோஷம். கெண்ட் உடன்படிக்கையையும் அப்படித்தான் படித்தேன்.

அமெரிக்காவும் பிரிட்டனும் 1812இல் தொடங்கிய போரை முடித்துவைத்த உடன்படிக்கை அது. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கெண்ட் நகரில் 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானது. பிடித்த நிலத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டுப் பழைய எல்லைக்கே போவதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அமெரிக்கக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பலவந்தமாக இழுத்துக்கொண்டு போனது போருக்கு முக்கியக் காரணம். அதைப் பற்றி உடன்படிக்கை மூச்சே விடவில்லை!

இதே போரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்காக இரு தரப்பும் மோதிய சண்டை 1815 ஜனவரி 8இல் நடந்தது. ‘சமாதானமான பிறகு நடந்த வீண் சண்டை’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் தொழில்புத்தி இதை ஏற்க மறுக்கிறது. இரு அரசுகளும் ஒப்புதல் அளித்தால்தான் போர் நிற்கும் என்று முதல் ஷரத்திலேயே இருக்கிறது. அமெரிக்க செனட் பிப்ரவரி 16இல் 35–0 என்று ஒப்புதல் தந்தது. மறுநாள் இரவு வாஷிங்டனில் பத்திரங்கள் கைமாறின. ஜனவரி 8இல் போர் சட்டப்படி உயிரோடுதான் இருந்தது.

எனக்குப் பிடித்தது இரண்டாம் ஷரத்து. செய்தி பாய்மரத்தில் போகிற காலம் என்பதால், கடலைக் கூறுபோட்டுக் கெடு வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்கக் கரையோரத்துக்கு 12 நாள். மத்தியதரைக் கடலுக்கும் பால்டிக்குக்கும் 40. நன்னம்பிக்கை முனை வரையான தென் அட்லாண்டிக்குக்கு 60. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மற்ற எல்லா இடங்களுக்கும் 90. மிச்சமுள்ள உலகத்துக்கு 120. கெடு தாண்டிப் பிடித்த கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எழுதியவர் கெட்டிக்காரர்.

நாட்காட்டியை வைத்துப் பென்சிலால் எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி 17இலிருந்து 120 நாள் என்றால் ஜூன் 17. அதற்கு மேல் உலகத்தில் எங்குமே போர் கிடையாது.

ஜூன் 30 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையில், ‘பீகாக்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ‘நாட்டிலஸ்’ என்ற சிறிய கப்பலை எதிர்கொண்டது. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையைச் சேர்ந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்றார் அதன் தலைவர் பாய்ஸ். அப்படியானால் கொடியை இறக்கு என்றார் பீகாக்கின் தலைவர் வாரிங்டன். மாதக்கணக்காகக் கடலில் திரிந்தவருக்கு அது தந்திரமாகத் தெரிந்திருக்கிறது. பாய்ஸ் இறக்கவில்லை. பீரங்கிகள் முழங்கின. நாட்டிலஸில் இறந்தவர்களில் லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளும் உண்டு. பாய்ஸுக்கு ஒரு கால் போயிற்று.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் சுந்தாவுக்கு 90 நாள் கெடுதான். அது மே 18இலேயே முடிந்துவிட்டது. தாராளமாக 120 நாள் கொடுத்தாலும் அன்று பதின்மூன்றாம் நாள்.

சமாதானம் உண்மைதான் என்று உறுதியானதும் வாரிங்டன் நாட்டிலஸை விடுவித்தார். இரண்டாம் ஷரத்து கேட்டதும் அவ்வளவுதான்.